இரு தீவுகளுக்கு இடையே எத்தனை மணி?

உங்களுக்கு ஒரு கணக்கு. பசிபிக் மாகடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. அங்குள்ள ஹொனலுலு விமான நிலையத்திலிருந்து மேற்கே குவாம் தீவின் விமான நிலையம் சுமார் 6,110 கி.மீ. தூரத்தில் உள்ளது. அதே ஹொனலுலுவிலிருந்து, ஜப்பானின் ஹொன்ஷூ தீவில் டோக்கியோ நகருக்கு அருகேயுள்ள நரிட்டா விமான நிலையம் சுமார் 6,135 கி.மீ. தூரத்தில் உள்ளது. இரண்டுக்கும் வித்தியாசம் 25 கி.மீ.தான். ஜெட் விமானத்துக்கு அது இரண்டு நிமிடத் தூரம்கூட இல்லை.

ஒரே மாதிரியான இரு விமானங்கள் குளிர்காலத்தில் ஒருநாள் ஹொனலுலுவிலிருந்து புறப்படுகின்றன. ஒன்று குவாமுக்கும் மற்றொன்று நரிட்டாவுக்கும் போகின்றன. குவாம் போய்ச்சேரச் சுமார் 8 மணி நேரம் ஆகிறது. நரிட்டா போய்ச்சேரச் சுமார் 9 மணி நேரம் ஆகிறது. திரும்பி வரும்போதோ கதை தலைகீழாக மாறுகிறது. குவாமிலிருந்து வரச் சுமார் ஏழேகால் மணி. நரிட்டாவிலிருந்து வர அதைவிடக் குறைவாக, ஏழு மணியை ஒட்டியே ஆகிறது.

தூரம் ஒன்றே, விமானமும் ஒன்றே. பிறகு நேரம் மட்டும் ஏன் மாறுகிறது? தூரத்தை வேகத்தால் வகுத்தால் காலம் கிடைக்கும் என்று பள்ளியில் படித்தோமே, அது பொய்யா? பொய்யல்ல. ஆனால் "தூரம்" என்பது எது, "வேகம்" என்பது எது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கடலுக்கு மேலே பறப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வெறும் கணக்கல்ல, உயிர்ப் பிரச்சினை. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

இரண்டு நிமிடப் பயணம்

முதலில் மிகச் சிறிய பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுக்கூட்டம் உள்ளது. அதில் வெஸ்ட்ரே என்றொரு தீவு. அதன் பக்கத்தில் பாப்பா வெஸ்ட்ரே என்ற இன்னும் சிறிய தீவு. இரண்டிலும் விமானம் இறங்கும் திடல்கள் உள்ளன. இடையே உள்ள தூரம் 2.7 கி.மீ. 1967 முதல் இங்கே விமானப் போக்குவரத்து நடந்துவருகிறது. உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானப் பயணம் இதுதான். சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதை மூன்றரைக் கிலோமீட்டருக்கும் சற்று அதிக நீளமுடையது. அதாவது இந்த இரு தீவுகளுக்கும் இடையே உள்ள தூரம் நம் ஊர் ஓடுபாதையின் நீளத்தைவிடக் குறைவு!

"இது என்ன வேடிக்கை?" என்று நினைக்காதீர்கள். நூறு பேருக்கும் குறைவாக வாழும் ஒரு தீவுக்கு ஆசிரியரும் மருத்துவரும் வந்துபோகவும், நோயாளி பெரிய ஊர் போய்ச்சேரவும் கடல் கொந்தளிக்கும் நாட்களில் இந்தச் சிறு விமானம் பெரிய உதவி.

பயண நேரம் இரண்டு நிமிடம். காற்றும் திசையும் ஒத்துவந்த ஒருநாள் 53 வினாடியில் போய்ச்சேர்ந்ததே சாதனை. இப்போது கணக்குப் போடுங்கள். 2.7 கி.மீ. தூரத்தை இரண்டு நிமிடத்தில் கடந்தால் சராசரி வேகம் மணிக்கு 81 கி.மீ. 53 வினாடியில் கடந்தால் மணிக்குச் சுமார் 183 கி.மீ. ஆனால் அந்தச் சிறு விமானம் நடுவானில் மணிக்கு 240 கி.மீ. வரை பறக்கக்கூடியது. அந்த வேகத்தை எட்டுமுன்பே இறங்கவேண்டிய இடம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இதிலிருந்து முதல் பாடம் கிடைக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, கீழே இறங்குவது, நிறுத்துமிடத்துக்கு ஊர்ந்து வருவது ஆகியவற்றுக்கெல்லாம் நேரம் செலவாகிறது. இந்த நேரம் தூரத்தைப் பொறுத்ததல்ல. பெரிய ஜெட் விமானத்துக்கு இதற்காகச் சுமார் அரை மணி நேரத்தைத் தனியே ஒதுக்கலாம். கால அட்டவணையில் அச்சிடப்படுவது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. புறப்படும் இடத்தில் சக்கரங்கள் அசைந்ததிலிருந்து சேரும் இடத்தில் சக்கரங்கள் நிற்கும்வரை ஆகும் நேரம் அது.

உருண்டையின் மீது நேர்க்கோடு

அடுத்தது தூரம். நில உலகம் உருண்டை. அதன் மேல் நேர்க்கோடு வரைய முடியாது. அப்படியானால் இரண்டு தீவுகளுக்கு இடையே மிகக் குறைந்த தூரம் எது?

ஒரு பூகோள உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹொனலுலுவின் மீது ஒரு நூலின் முனையை வைத்து, மறுமுனையைக் குவாமின் மீது வைத்து, நூலை நன்றாக இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த வழியில் கிடக்கிறதோ அதுவே குறைந்த தூரம். அந்தக் கோட்டை இரு பக்கமும் நீட்டிக்கொண்டே போனால் உருண்டையை இரண்டு சம பாதிகளாகப் பிரிக்கும் ஒரு வட்டம் கிடைக்கும். இதைப் பெருவட்டம் என்கிறோம். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். தீர்க்கரேகைகளும் பெருவட்டத்தின் பகுதிகளே. நிலநடுக்கோட்டைத் தவிர மற்ற அட்சரேகைகள் பெருவட்டங்கள் அல்ல.

தூரத்தைக் கணக்கிடும் முறையும் எளிதே. நிலவுலகின் மையத்திலிருந்து இரண்டு தீவுகளுக்கும் இரண்டு கோடுகள் வரைந்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவற்றுக்கு இடையேயுள்ள கோணத்தை அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம். ஹொனலுலுவுக்கும் குவாமுக்கும் அந்தக் கோணம் சுமார் 54.9 பாகை. நிலப்பரப்பின் மீது ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111.2 கி.மீ. இரண்டையும் பெருக்கினால் சுமார் 6,110 கி.மீ. வருகிறது அல்லவா? விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல் என்ற அளவும் இப்படிப் பிறந்ததுதான். ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரித்தால் ஒரு கலைக்கு உரிய தூரமே ஒரு கடல் மைல், அது 1.852 கி.மீ.

சுவரில் தொங்கும் தேசப்படத்தில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டால் பெருவட்டம் கிடைக்காது. வழக்கமான மெர்கேட்டர் படத்தில் அந்த நேர்க்கோடு, திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு போகும் வழியையே காட்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இரண்டு வழிகளுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஹொனலுலு, குவாம் பயணத்தில் மிச்சமாவது சுமார் 25 கி.மீ.தான். வடக்கே போகப் போகத்தான் வித்தியாசம் பெருகும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் இருப்பதும் ஒரு தீவில்தான். நரிட்டா இருப்பதும் தீவில்தான். இந்த இரண்டுக்கும் இடையே பெருவட்ட வழியில் தூரம் சுமார் 9,600 கி.மீ. படத்தில் நேர்க்கோடாகத் தோன்றும் வழியிலோ 11,300 கி.மீ.க்கும் அதிகம். வட துருவப் பக்கமாக வளைந்து செல்வதுபோல் தோன்றும் வழியே உண்மையில் குறுக்கு வழி!

ஆனால் குறுக்கு வழி எப்போதும் திறந்திருப்பதில்லை. லண்டனையும் டோக்கியோவையும் இணைக்கும் பெருவட்டம் பெரும்பாலும் ரஷ்யாவின் வானத்தின் வழியே செல்கிறது. 2022-இல் உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பிய, ஜப்பானிய விமானங்கள் பல அந்த வானத்தைத் தவிர்த்துச் சுற்றிச் செல்லத் தொடங்கின. ஏறத்தாழ 12 மணி நேரப் பயணம் 14 மணி நேரமாக நீண்டது. ஆகவே உருண்டையின் மீது அளக்கும் தூரம் வேறு; விமானம் உண்மையில் பறக்கும் தூரம் வேறு.

கண்ணுக்குத் தெரியாத ஆறு

நம் கணக்கின் விடை இன்னும் கிடைக்கவில்லை. குவாமுக்கும் நரிட்டாவுக்கும் தூரம் ஒன்றாக இருந்தும் நேரம் வேறுபடக் காரணம் என்ன? காற்று.

ஆற்றில் பரிசல் விட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நீரோட்டத்தோடு போனால் கரையிலுள்ள மரங்கள் வேகமாகப் பின்னால் ஓடும். எதிர்த்துப் போனால் எவ்வளவு துடுப்புப் போட்டாலும் பரிசல் மெல்லத்தான் நகரும். விமானமும் அப்படித்தான். அது காற்று என்னும் ஆற்றில் மிதந்து செல்கிறது. காற்றைப் பொறுத்து அது செல்லும் வேகத்தை வான்வேகம் என்று சொல்வோம். தரையைப் பொறுத்துச் செல்லும் வேகம் தரைவேகம். பின்னாலிருந்து காற்று வீசினால் அதன் வேகம் வான்வேகத்தோடு கூடும். எதிரே வீசினால் கழியும். நாம் போய்ச்சேரும் நேரத்தை முடிவுசெய்வது தரைவேகமே.

தரையிலிருந்து சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, ஒரு குறுகிய பட்டையாகப் பாய்ந்தோடும் கடுங்காற்று உண்டு. இதை ஜெட் காற்றோட்டம் என்கிறார்கள். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே இது மிக வலுவாக இருக்கும். மணிக்கு 200 கி.மீ. என்பது சாதாரணம், 300 கி.மீ.யையும் தாண்டுவதுண்டு.

1920-களில் ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஒய்ஷி, டட்டெனோ என்னுமிடத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, அவை அடித்துச்செல்லப்படுவதைக் கருவிமூலம் கவனித்து, இந்தக் காற்றை அளந்தார். 1926-இல் அதை எஸ்பெராண்டோ மொழியில் அச்சிட்டு வெளியிட்டார். உலகத்தார் அனைவருக்கும் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட அம்மொழியில் எழுதினால் எல்லோரும் படிப்பார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. ஆனால் படித்தவர் மிகச் சிலரே! 1944 இறுதியில் மரியானாத் தீவுகளிலிருந்து டோக்கியோவின் மீது பறந்த அமெரிக்க பி-29 விமானிகள் அந்தக் காற்றில் அகப்பட்டுத் திகைத்தபோதுதான் அதன் வலிமை வெளி உலகுக்கு நன்றாகப் புரிந்தது.

குவாம் தீவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஜெட் காற்றோட்டம் அவ்வளவு தெற்கே வலுவோடு வருவதில்லை. நரிட்டா 36 பாகையை ஒட்டி இருப்பதால் அதன் பாதையிலேயே அமைந்துவிட்டது. இனிக் கணக்குப் போடலாம்.

விமானத்தின் வான்வேகம் மணிக்கு 860 கி.மீ. என்று கொள்வோம். குவாம் வழியில் சராசரியாக மேற்குக் காற்று மணிக்கு 50 கி.மீ., நரிட்டா வழியில் 130 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

குவாமுக்குப் போகும்போது தரைவேகம் 860-லிருந்து 50-ஐக் கழிக்க 810. ஆகவே 7 மணி 33 நிமிடம். திரும்பும்போது 910. ஆகவே 6 மணி 43 நிமிடம். ஏறி இறங்குவதற்காக அரை மணியைச் சேர்த்தால் 8 மணி 3 நிமிடமும், 7 மணி 13 நிமிடமும் வருகின்றன.

நரிட்டாவுக்குப் போகும்போது தரைவேகம் 730. ஆகவே 8 மணி 24 நிமிடம். திரும்பும்போது 990. ஆகவே 6 மணி 12 நிமிடம். அரை மணியைச் சேர்த்தால் 8 மணி 54 நிமிடமும், 6 மணி 42 நிமிடமும் வருகின்றன. தொடக்கத்தில் சொன்ன நேரங்கள் கிடைத்துவிட்டன அல்லவா?

போனது வந்தால் சரியாகுமா?

"போகும்போது காற்று தடுத்தது, வரும்போது உதவியது, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும்" என்று சிலர் நினைப்பார்கள். அப்படி ஆவதில்லை. நரிட்டா போய்த் திரும்பக் காற்றே இல்லையென்றால் வானில் ஆகும் நேரம் 14 மணி 16 நிமிடம். காற்று வீசும்போது 14 மணி 36 நிமிடம். 20 நிமிடம் நஷ்டம்! குவாம் வழியில் நஷ்டம் 3 நிமிடமே.

காரணம் இதுதான். எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றில் அது அதிக நேரம் சிக்கிக்கொள்கிறது. உதவும் காற்றிலோ வேகமாகப் பறந்துவிடுவதால் அந்த உதவி கொஞ்ச நேரமே கிடைக்கிறது. அதனால் நஷ்டம் எப்போதும் லாபத்தைவிட அதிகம். காற்றின் வேகம் 2.6 மடங்கானால் நஷ்டம் ஏறத்தாழ 7 மடங்காகிறது என்பதையும் கவனியுங்கள். நஷ்டம் காற்று வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்கிறது.

விமானிகள் இதை அறிந்தவர்கள். ஆகவே மேற்கே போகும்போது ஜெட் காற்றோட்டத்தை விட்டு விலகியும், கிழக்கே வரும்போது அதன் மீது ஏறிக்கொண்டும் வருவார்கள். அதற்காகப் பெருவட்டத்தை விட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகவும் தயங்கமாட்டார்கள். குறைந்த தூர வழி வேறு, குறைந்த நேர வழி வேறு.

தீவைக் காணாத விமானம்

இப்போது காற்றின் கணக்கை மெதுவாகச் செல்லும் பழைய விமானத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 1937 ஜூலை 2-ஆம் நாள் காலை 10 மணிக்கு நியூகினித் தீவிலுள்ள லே என்ற ஊரிலிருந்து இரட்டை எஞ்சின் கொண்ட லாக்ஹீட் எலெக்ட்ரா விமானம் ஒன்று புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் உலகைச் சுற்றிவரக் கிளம்பியிருந்த அமெரிக்கப் பெண் விமானி அமீலியா இயர்ஹார்ட். மற்றவர் வழிகாட்டி பிரெட் நூனன். அவர்கள் சேரவேண்டிய இடம் ஹௌலண்ட் தீவு. தூரம் 4,113 கி.மீ.

அந்தத் தீவின் நீளம் இரண்டரைக் கிலோமீட்டருக்குள். அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கடல் மட்டத்துக்கு மேல் உயரம் சுமார் 6 மீட்டர். அவருடைய விமானம் இறங்குவதற்காகவே அங்கே ஓடுபாதைகள் அமைக்கப்பட்டிருந்தன. 4,113 கி.மீ. பறக்கும்போது திசை ஒரே ஒரு பாகை பிசகினால் கடைசியில் 72 கி.மீ. பக்கவாட்டில் தள்ளிப் போய்விடும். தீவோ கடலில் கிடக்கும் ஒரு பாய்போன்றது.

அந்த விமானத்தின் வேகம் மணிக்கு 240 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று இல்லையென்றால் 17 மணி நேரத்தில் போய்ச்சேரலாம். மணிக்கு 40 கி.மீ. எதிர்க்காற்று வீசினால்? தரைவேகம் 200 ஆகிறது; நேரம் இருபதரை மணிக்கு மேல் ஆகிறது. ஜெட் விமானத்துக்கு அற்பமான காற்று, மெதுவான விமானத்துக்கு மூன்றரை மணி நேரத்தைக் கூட்டிவிடுகிறது. மூன்றரை மணி நேரம் என்றால் மூன்றரை மணி நேர எரிபொருள்!

மறுநாள் விடியற்காலையில் அவர்கள் ஹௌலண்டை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். தேதிக் கோட்டைத் தாண்டிவிட்டதால் அங்கே அன்றும் ஜூலை 2-தான். தீவின் அருகே இடாஸ்கா என்ற கப்பல் புகை எழுப்பியபடி காத்திருந்தது. அருகில் வந்துவிட்டோம், ஆனால் உங்களைக் காணவில்லை, எரிபொருள் குறைந்துவருகிறது என்ற செய்தி வானொலியில் வந்தது. குரல் பலமாகவே கேட்டது. கப்பலின் பதில் அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. புறப்பட்டு 20 மணி நேரத்துக்குச் சற்று மேலானபோது கடைசிச் செய்தி வந்தது. அதன்பின் எதுவும் வரவில்லை. கப்பல்களும் விமானங்களும் கடலைச் சலித்துத் தேடியும் பயனில்லை.

நடுவழி எங்கே?

அந்தக் காலத்திலிருந்து விமானிகள் கற்றுக்கொண்ட பாடம், புறப்படும் முன்பே ஒரு கேள்விக்கு விடை காணவேண்டும் என்பதே. "கடலின் நடுவே ஏதேனும் கோளாறு நேர்ந்தால் முன்னே போவதா, திரும்புவதா?"

நடுவழியைத் தாண்டிவிட்டால் முன்னே போவதே நல்லது என்று நமக்குத் தோன்றும். ஆனால் காற்று வீசும்போது நடுவழி நடுவில் இருப்பதில்லை! ஹொனலுலுவிலிருந்து குவாமுக்குப் போகும் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சரிபாதித் தூரம் 3,055 கி.மீ. அங்கிருந்து முன்னே போனால் எதிர்க்காற்று. திரும்பினால் உதவும் காற்று. ஆகவே திரும்புவதே விரைவு. 3,233 கி.மீ. வந்தபின்தான் இரண்டும் சமமாகின்றன. பின்னே 3,233 கி.மீ.யை 910-ஆல் வகுத்தாலும், முன்னே மீதியுள்ள 2,877 கி.மீ.யை 810-ஆல் வகுத்தாலும் 3 மணி 33 நிமிடமே வரும். இந்த இடத்தைச் சமநேரப் புள்ளி என்கிறார்கள். அது எப்போதும் காற்று வீசிவரும் பக்கமாக நகர்ந்திருக்கும்.

இதைக் காணும் வழி எளிது. மொத்தத் தூரத்தைத் திரும்பும் தரைவேகத்தால் பெருக்கி, போகும் தரைவேகமும் திரும்பும் தரைவேகமும் சேர்ந்த தொகையால் வகுத்துவிடுங்கள். நீங்களே செய்துபார்க்கலாம்.

இன்னொரு புள்ளியும் உண்டு. அதைத் தாண்டினால், கையிலுள்ள எரிபொருளைக்கொண்டு புறப்பட்ட இடத்துக்குத் திரும்பவே முடியாது. அதற்குத் திரும்ப முடியாப் புள்ளி என்று பெயர். பத்து மணி நேர எரிபொருளோடு இதே வழியில் போகும் விமானத்துக்கு அந்தப் புள்ளி புறப்பட்டுச் சுமார் 5 மணி 17 நிமிடத்தில் வந்துவிடும்.

சாதாரணமாக விமானம் சேரும் ஊரில் இறங்க முடியாவிட்டால் பக்கத்து ஊரில் இறங்கத் தேவையான எரிபொருளையும் சுமந்து செல்லும். பக்கத்து ஊரே இல்லாத தீவானால்? சிலி நாட்டின் சாண்டியாகோவிலிருந்து 3,700 கி.மீ.க்கும் அப்பால் உள்ள ஈஸ்டர் தீவு அப்படிப்பட்டது. இத்தகைய தனித்த தீவுக்குச் செல்லும் ஜெட் விமானம், சேர்ந்த பிறகும் இரண்டு மணி நேரம் வானில் பறக்கப் போதுமான எரிபொருளோடு புறப்படவேண்டும் என்பது சர்வதேச விதி. மழையோ மூடுபனியோ விலகும்வரை காத்திருக்க அந்த இரண்டு மணி நேரம் உதவும்.

படிக்கற்களான தீவுகள்

1935 நவம்பரில் சைனா கிளிப்பர் என்னும் பறக்கும் படகு முதன்முறையாகக் கலிபோர்னியாவிலிருந்து பசிபிக் கடலைத் தாண்டித் தபால் கொண்டுசென்றது. ஹொனலுலு, மிட்வே, வேக், குவாம் என்று தீவுக்குத் தீவு தாவி மணிலாவை அடைந்தது. வானில் பறந்தது சுமார் 60 மணி நேரமே; ஆனால் பயணம் ஒரு வாரம் பிடித்தது.

பின்னர் எஞ்சின்கள் வலுவடைந்தன. விமானங்கள் அந்தச் சிறு தீவுகளை மறந்து மேலே பறந்து போயின. முற்றிலும் மறக்கவில்லை. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்றின் துணையால் ஏதாவது ஓர் ஓடுபாதையை அடையவேண்டும் அல்லவா? அமெரிக்காவில் 1953-ஆம் ஆண்டு விதி, ஒற்றை எஞ்சினில் 60 நிமிடத் தூரத்துக்குள் ஒரு விமான நிலையம் இருக்கவேண்டும் என்றது. எஞ்சின்களின் மீது நம்பிக்கை வளர்ந்தபின் 1985-இல் 120 நிமிடமும், 1988-இல் 180 நிமிடமும் அனுமதிக்கப்பட்டன. பசிபிக் படத்தில் ஒவ்வோர் ஓடுபாதையைச் சுற்றியும் 180 நிமிடத் தூரத்துக்கு ஒரு வட்டம் வரைந்துபாருங்கள். மிட்வே போன்ற ஒரு சிறு தீவு அந்தக் கடலில் எவ்வளவு பெரிய இடைவெளியை அடைக்கிறது என்பது விளங்கும்.

அதன் பயன் 2014 ஜூலையில் தெரிந்தது. ஹொனலுலுவிலிருந்து குவாமுக்கு, நாம் கணக்குப்போட்ட இதே வழியில், முந்நூறுக்கும் மேற்பட்ட பயணிகளுடன் ஒரு போயிங் 777 சென்றுகொண்டிருந்தது. உள்ளே ஏதோ கருகும் வாடை எழுந்தது. ஹொனலுலுவும் தொலைவில், குவாமும் தொலைவில். விமானி மிட்வேயை நோக்கித் திருப்பினார். ஹொனலுலுவிலிருந்து சுமார் 2,100 கி.மீ. வடமேற்கே உள்ள அந்தத் தீவு, பறவைகளின் சரணாலயம். அங்கே வசிப்பவர்கள் சில பத்துப் பேர்தான். இரவில் விமானம் பத்திரமாக இறங்கியது. பயணிகள் சில மணி நேரம் அங்கே தங்கி, வேறொரு விமானத்தில் ஹொனலுலுவுக்குத் திரும்பினார்கள். யாரும் வழக்கமாக இறங்காத ஓர் ஓடுபாதையை, பல்லாண்டுகளாகப் பழுதின்றிக் காத்துவந்ததன் பலன் அன்று கிடைத்தது.

கடிகாரம் சொல்லும் பொய்

கடைசியாக ஒரு வேடிக்கை. திங்கட்கிழமை பிற்பகல் 3 மணிக்கு ஹொனலுலுவில் ஏறுகிறீர்கள். குவாமில் இறங்கும்போது செவ்வாய்க்கிழமை இரவு 7 மணி. பயணம் 28 மணி நேரமா? இல்லை. புதன்கிழமை காலை 7.20-க்குக் குவாமில் ஏறுகிறீர்கள். ஹொனலுலுவில் இறங்கும்போது செவ்வாய்க்கிழமை மாலை 6.35! புறப்படுவதற்கு முந்தின நாளே போய்ச்சேர்ந்துவிட்டீர்கள்.

இரண்டு தீவுகளுக்கும் நடுவே சர்வதேசத் தேதிக் கோடு ஓடுகிறது. குவாமின் கடிகாரம் ஹொனலுலுவின் கடிகாரத்தைவிட 20 மணி நேரம் முன்னே இருக்கிறது. மேற்கே போகும்போது வித்தியாசத்திலிருந்து 20-ஐக் கழியுங்கள். 28 மணி 8 மணியாகும். கிழக்கே வரும்போது 20-ஐக் கூட்டுங்கள். ஏழேகால் மணி கிடைக்கும். இரு தீவுகளின் கால அட்டவணையைப் பார்க்கும்போது இதை மறவாதீர்கள்.

இனி உங்கள் முறை. பள்ளியிலுள்ள பூகோள உருண்டையின் குறுக்களவு 30 செ.மீ. என்றால் அதன் சுற்றளவு சுமார் 94 செ.மீ. அது நிலவுலகின் 40,000 கி.மீ. சுற்றளவுக்குச் சமம். ஹொனலுலுவுக்கும் குவாமுக்கும் இடையே நூல் பிடித்தால் சுமார் 14.4 செ.மீ. வரவேண்டும். பிறகு கொழும்பு, சிங்கப்பூர் என்று உங்களுக்குத் தெரிந்த இரு தீவு விமான நிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தை அளந்து, 860-ஆல் வகுத்து, அரை மணியைச் சேர்த்து, கால அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபட்டால், அந்த வித்தியாசத்திலிருந்து மேலே வீசும் காற்றின் வேகத்தைக்கூட நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

நூலும் உருண்டையும் தூரத்தைச் சொல்லிவிடும். போய்ச்சேரும் நேரத்தைச் சொல்லக் காற்றையும் கேட்கவேண்டும். பத்திரமாகப் போய்ச்சேரவோ, வழியில் எந்தத் தீவு நமக்காகக் காத்திருக்கிறது என்பதையும் புறப்படும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.